கோரம் இல்லாத கூட்டம்

கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் நகராட்சி பியூன் வந்து அஜெண்டாவைக் கொடுத்துவிட்டுப் போனார். மற்ற கவுன்சிலர்கள் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. பூங்கொடி மட்டும் அடுப்பில் உலை கொதிக்கும்போதே வாசல்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படிப்பாள். படிக்கத் தெரிந்தவள் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் அது யாருடைய கையெழுத்து என்று கேட்பாள்.

அவளுக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். கல்யாணமான வருஷமே புருஷன் பரமசிவத்தோடு இங்கே வந்துவிட்டாள். ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில், நெடுஞ்சாலையை ஒட்டி இருந்த சின்ன நகராட்சி அது. பரமசிவத்துக்கு ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் வேலை. அவளும் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கம்பெனிக்குப் பல வருஷம் ஷிப்டு போய் வந்தவள்தான். 2006 தேர்தலில் அவர்கள் காலனி இருந்த வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. கட்சிக்காரர்கள் பரமசிவத்தின் யூனியனில் ஆள் கேட்டார்கள். யூனியன் பூங்கொடியைக் கைகாட்டியது. ஜெயித்தும் விட்டாள்.

அஜெண்டாவின் நடுப்பக்கத்தில் அவள் ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது முதலில் கண்ணில் பட்டது: காலனியின் தாழ்வான தெருவுக்கு மழைநீர்க் கால்வாய். சந்தோஷத்தில் "இந்தாங்க, வந்துருச்சு!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். அதற்கு மேல்வரியைப் படித்ததும் குரல் நின்றுபோயிற்று.

பேருந்து நிலையத்தில் பழுதடைந்துள்ள பெண்கள் கழிப்பறையை அகற்றிவிட்டு, நகராட்சியின் வருவாயைப் பெருக்கும் பொருட்டு அவ்விடத்தில் வணிகக் கடைகள் கட்ட மன்றத்தின் அனுமதி கோரியிருந்தார்கள்.

பரமசிவம் வாங்கிப் படித்தான். "ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சிருக்கான் பாரு. இதுக்குத் தலையாட்டினா அது உனக்கு. பேசாம கால்வாய வாங்கிரு பூங்கொடி. கக்கூஸ் விவகாரத்த அப்புறமா பாத்துக்கலாம்."

"அப்புறமா எதப் பாக்குறது? இடிச்ச இடத்தையா?"

அந்தக் கழிப்பறையை அவளுக்கு நன்றாகத் தெரியும். விடியற்காலை ஷிப்டு முடித்து வந்து, ஊருக்கு அடுத்த பஸ் பிடிக்கிற பெண்களுக்கு அதை விட்டால் வேறு இடமில்லை. நகராட்சி அலுவலகத்தில்கூடப் பெண்களுக்கு என்று ஒன்று கட்டவில்லை. மாடியில் கூட்டம் நடக்கும் நாட்களில் பெண் கவுன்சிலர்களும், கீழே வேலை பார்க்கும் பெண் குமாஸ்தாக்களும் ரோட்டைக் கடந்து அங்கேதான் போய் வந்தார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் சேர்மன் சென்னகிருஷ்ணனே போன் செய்தார். உள்ளூர்க்காரர், அவள் கட்சிக்காரர். செங்கல் சூளை, கல்யாண மண்டபம், கொஞ்சம் நிலம் எல்லாம் உண்டு. கோபமாகப் பேச மாட்டார்.

"பூங்கொடியம்மா, உங்க கால்வாய வெச்சிட்டேன், பாத்தீங்களா? நாளைக்கு முகூர்த்த நாளு. நம்மாளுங்க பாதிப் பேரு கிருஷ்ணகிரில கல்யாணத்துக்குப் போவணும். சட்டுனு முடிச்சிடலாம். நடுவுல எழுந்து பேச்சு வேணாம்."

"அந்தக் கக்கூஸ இடிச்சா பொம்பளைங்க எங்கண்ணே போவாங்க?"

"பின்னாடி எங்கனா புதுசா கட்டிக்கலாம்மா."

"அப்ப கட்டிட்டு இடிங்கண்ணே."

அந்தப் பக்கத்தில் ஒரு சிரிப்புக் கேட்டது. போன் வைக்கப்பட்டது.

மறுநாள் வருகைப் பதிவேட்டில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். டீயும் போண்டாவும் வந்தன. டீ குடித்த கையோடு பட்டுவேட்டிக்காரர்கள் ஒவ்வொருவராகப் படியிறங்கிக் காரில் ஏறினார்கள். கமிஷனர் மீட்டிங் என்று சொல்லிவிட்டு மாவட்டத் தலைநகருக்குப் போயிருந்தார். மேலாளர் வெள்ளைச்சாமிதான் அஜெண்டாவில் இருந்த பொருள்களை வாசித்தார். ஏலம் விடுகிறவரைப் போல அவர் ஓட்டிக்கொண்டு போக, ஒவ்வொன்றின் முடிவிலும் சேர்மன் பேனாவால் மேசையைத் தட்டி "பாஸ்" என்றார். கழிப்பறை வந்தது.

"பாஸ்," என்று பேனா இறங்குவதற்குள் பூங்கொடி எழுந்துவிட்டாள்.

"எனக்கு இதுல சம்மதம் இல்ல தலைவரே."

"உக்காருங்கம்மா. உங்க கால்வாய்தான் அடுத்தது."

"தெரியும் தலைவரே. இது வேண்டாம்னு எழுதிக்கங்க."

"எழுதறதுக்கு என்னா இருக்குது? ஒரு ஓட்டக் கட்டடம். நாத்தம் புடிச்சுக் கெடக்குது. அத எடுத்துட்டா பஸ் ஸ்டாண்டே பளிச்சுனு ஆயிடும்."

"நாறுதுன்னா கழுவணும். மூக்கையா அறுப்பாங்க?"

முன்வரிசையில் இருந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னார்: "பஸ் ஏறதுக்கு முன்னாடி வூட்டுலயே முடிச்சுட்டு வரச் சொல்லுங்கப்பா!"

அறை முழுக்கச் சிரித்தது. பத்திரிகை நிருபரும் சிரித்தார். பூங்கொடிக்குக் காது மடல் சுட்டது. பன்னிரண்டு மணி நேரம் அடக்கிக்கொண்டு மெஷின் முன்னால் நின்ற நாட்கள், சூப்பர்வைசரிடம் கைநீட்டிக் கழிப்பறைக்கு டோக்கன் வாங்கிப் போன நாட்கள் எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. என்ன பதில் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்போது பக்கத்து நாற்காலியில் இருந்த மாதம்மாள் எழுந்தாள். தளி ரோட்டுப் பக்கத்துக் குடியானவக் குடும்பம். வீட்டில் கன்னடம் பேசுகிறவள். கூட்டத்தில் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் வார்டு வேலையை எல்லாம் புருஷன் திம்மராயன்தான் பார்த்தார். அன்றைக்கும் அறை வாசலில் நின்றபடி, உட்கார் உட்கார் என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். மாதம்மாளுக்குச் சர்க்கரை வியாதி. அவர்கள் சிரித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அவளுக்கு நிஜமாகவே போயாக வேண்டியிருந்தது.

"பா அக்கா, ஹோகோணா," என்றாள், பூங்கொடியின் முழங்கையைப் பிடித்து. வா, போகலாம்.

பூங்கொடிக்குப் பதில் கிடைத்துவிட்டது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சேர்மனைப் பார்த்தாள்.

"இடிக்கிறதுக்கு முந்தி நாங்க ஒருக்கா போயிட்டு வந்துடுறோம் தலைவரே."

இரண்டு பேரும் வாசலுக்கு நடந்தார்கள். பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், மற்ற பெண்களும் எழுந்து வந்துகொண்டிருந்தார்கள். எதிர்க்கட்சிப் பெண்கள் இருவரும்கூட. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. திம்மராயன் வழியை மறித்து நிற்கப் பார்த்தார். இத்தனை பெண்கள் வருவதைக் கண்டதும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

அவர்கள் படியிறங்குவதற்குள் மேலே எதிர்க்கட்சி முனிசாமி தலைகளை எண்ணிவிட்டார். "தலைவரே, கோரம் இல்ல!" என்று ஒரே போடாகப் போட்டார். மூன்றில் ஒரு பங்கு உறுப்பினராவது அறைக்குள் இருந்தால்தான் எதையும் நிறைவேற்ற முடியும் என்பது சட்டம். எத்தனையோ மாதம் காலி நாற்காலிகளை வைத்தே நிறைவேற்றியிருக்கிறார்கள். முனிசாமியும் வாயைத் திறந்ததில்லை. இன்றைக்கு அவருக்கு வேடிக்கையாக இருந்தது. நிருபர் சிரிப்பை விட்டுவிட்டுப் பேனாவை எடுத்தார். வெள்ளைச்சாமி படித்துக்கொண்டிருந்த தாளை மெல்ல மடித்தார்.

பியூன் ஓட்டமும் நடையுமாகப் பேருந்து நிலையத்துக்கு வந்தார். கழிப்பறை வாசலில் சில்லறை வாங்கும் காவேரி துடைப்பத்தைக் குறுக்கே நீட்டினாள்.

"ஆம்பளைங்க இங்க எங்க வரீங்கோ?"

"கவுன்சிலருங்களக் கூப்புடணும்மா!" என்றவர், வெளியில் நின்றே உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "அம்மா! சேர்மன் சீக்கிரம் வரச் சொன்னாரு! நீங்க இல்லாம கோரம் போயிடுச்சு! கூட்டம் நின்னுபோச்சு!"

குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்த பூங்கொடி அப்படியே நின்றாள். இத்தனை மாதமாகத் தாங்கள் அங்கே உட்கார்ந்திருந்தது தலைக்கணக்குக்குத்தான் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. மற்றவர்களிடம் சொன்னாள். ஒருத்தி சிரித்தாள். அது எல்லாரையும் தொற்றிக்கொண்டது.

"வரலைன்னு சொல்லுங்கண்ணே," என்று வெளியே வந்து பியூனிடம் சொன்னாள். "இன்னைக்கு எங்களுக்கு முடியல."

அடுத்து திம்மராயன் வந்தார். பயணிகள் பார்க்கிறார்களே என்று குரலை அடக்கிக்கொண்டார். "மாதம்மா, நடம்மா. சேர்மன் என்னக் கேக்கறாரு. எனக்கு மானம் போவுது."

மாதம்மாள் ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள். "எல்லாத்தையும் நீதான பாக்கற? நீயே போயி குந்து."

"என்னை எண்ணிக்கைல சேத்துக்க மாட்டாங்களே!"

"அப்படியா? இப்பதான் எனக்கும் தெரிஞ்சுது."

கடைசியில் சேர்மனே ரோட்டைக் கடந்து வந்தார். அந்த நேரம் ஒரு கம்பெனி பஸ் வந்து நின்று, யூனிபார்ம் போட்ட பெண்கள் கும்பலாக இறங்கினார்கள். பாதிப் பேர் நேரே கழிப்பறைக்குத்தான் வந்தார்கள். கவுன்சிலர்கள் விலகி வழிவிட்டார்கள். சேர்மனும் விலக வேண்டியதாயிற்று.

"பூங்கொடியம்மா, கூட்டத்த ஒத்தி வெச்சா உங்க கால்வாயும் சேந்து போவுது. மழை வரப்போவுது. நாளைக்கு உங்க காலனி ஜனங்க வந்து என்னக் கேக்கக்கூடாது."

அவளுக்குத் தாழ்வான தெரு கண்முன் வந்தது. போன வருஷம் அங்கே கட்டில் கால் வரை தண்ணீர் நின்றது. காலனி இருந்த திக்கைத் திரும்பிப் பார்த்தாள். சேர்மன் அதைக் கவனித்தார்.

"வாங்க, மேல போயி அத மட்டுமாவது முடிச்சிடலாம்."

"அத மட்டும் எடுப்பீங்களா? இத விட்டுருவீங்களா?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அப்ப வேண்டாம்ணே. கால்வாய எப்படியும் வாங்குவேன். இதக் குடுத்துட்டு அத வாங்க மாட்டேன்."

கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. மறுநாள் பத்திரிகையின் உள்பக்கத்தில் சின்னதாகச் செய்தி வந்தது.

அதற்கு அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடாமல் பெய்து தாழ்வான தெருவில் தண்ணீர் வீட்டுக்குள் ஏறியது. பூங்கொடி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போனபோது, கருப்பாயி என்ற புதுக்கோட்டைக்காரி நடுத்தெருவில் நின்று அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்தியா? எவளோ பஸ் ஸ்டாண்டுல ஒண்ணுக்குப் போகணும்னு எங்க வீட்டுக்குள்ள தண்ணிய விட்டுட்டியே! உனக்கா ஓட்டுப் போட்டோம்?"

கருப்பாயி சொன்னதில் பொய் எதுவும் இல்லை. பூங்கொடி ஒரு வாளியை எடுத்து அவள் வீட்டுத் தண்ணீரையே முதலில் இறைக்கத் தொடங்கினாள். கருப்பாயி திட்டிக்கொண்டே கூட இறைத்தாள். பரமசிவமும் இரண்டு நாளாகச் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் ஷிப்டு முடிந்து வந்தவன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மண்மூட்டை அடுக்கப் போனான். "செஞ்சது தப்புங்குறீங்களா?" என்று அன்றிரவு கேட்டாள். "தப்புன்னு சொல்லல. நனைஞ்சு போச்சுன்னு சொல்றேன்," என்றான்.

அடுத்த மாதக் கூட்டத்தில் கழிப்பறையை இடிக்கும் பொருள் வரவில்லை. அதைப் பழுதுபார்ப்பது என்று ஒன்று வந்தது. கவுன்சிலர்கள் ஓட்டால் சேர்மன் ஆனவர் சென்னகிருஷ்ணன். பெண்கள் மொத்தமாக எழுந்து போனால் நாற்காலி ஆடும் என்பது அவருக்கு விளங்கியிருந்தது. கால்வாயும் வந்தது. மாதம்மாள் தன் வார்டுக்கு இரண்டு தெருவிளக்கு கேட்டாள். வாசலில் நின்ற திம்மராயனுக்கே அது புதுச்செய்தி.

ஆனால் கட்சி விடவில்லை. பூங்கொடியை மாவட்ட அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். பரமசிவம் டி.வி.எஸ். வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வெளியே நின்றான். உள்ளே பொறுப்பாளர் ஒருவர் வெள்ளைத்தாளை அவள் பக்கம் தள்ளினார்.

"சொந்தக் கட்சி சேர்மன சந்தி சிரிக்க வெச்சுட்டீங்க. மன்னிப்புக் கேட்டு ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டுப் போங்க. இத்தோட விட்டுடறோம்."

பூங்கொடி பேனாவைக் கையில் எடுத்தாள். "என்னன்னு எழுதட்டும்ணே? கக்கூஸ் போனதுக்கு மன்னிச்சுக்கங்கன்னா? நீங்களே சொல்லுங்க, எழுதுறேன்."

அவர் வாயைத் திறந்தார். சொல்லிப் பார்க்க அவருக்கே கூச்சமாக இருந்தது. பக்கத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அடுத்த தடவ சீட்டு கெடைக்காதும்மா, ஞாபகம் வெச்சுக்கங்க."

"சீட்டு உங்களுது. வச்சுக்கங்க," என்று பேனாவை மூடித் தாளின் மேல் வைத்தாள். "வார்டு எங்களுது."

வெளியே வந்தபோது வெயில் சுள்ளென்று அடித்தது. பரமசிவம் அவள் முகத்தைப் பார்த்தான்.

"எழுதிக் குடுத்தியா?"

"இல்ல."

"ம்." வண்டியை மிதித்துக் கிளப்பினான். "ஏறு. ஓவர்சியர் கால்வாய்க்குத் தெருவ அளக்க வந்திருப்பாரு. கருப்பாயி அவர நிக்கவச்சுத் திட்டிக்கிட்டிருக்கப் போறா."