தூணில் மஞ்சள்கூட ஏறவில்லை

மலாக்கா நீரிணையில் புயல் என்று காலையில் செய்தி வந்தது. இந்தப் பக்கம் புயல் வருவது அபூர்வம். கைப்பேசியின் வானிலை எச்சரிக்கை வரைபடத்தில் எங்கள் மாநிலம் நெகிரி செம்பிலான் மஞ்சளாக இருந்தது. மதியத்துக்குள் ஆரஞ்சு. வேலையிலிருந்து அம்பாங்கான் வீட்டுக்குப் போகாமல் நேரே லிங்கிக்கு ஓட்டினேன். அங்கே ஆற்றோரத்தில், ரப்பர் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் என் மாமனார் தேவதாஸ் தனியாக இருக்கிறார். அவர் மகள் டான்யா என் மனைவி. ஈஸ்டருக்கு முந்தின வாரம் டெங்கியில் இறந்தாள்.

பக்கத்து வீடுகள் பூட்டியிருந்தன; எச்சரிக்கை கேட்டு எல்லாரும் பள்ளி மண்டப முகாமுக்குப் போய்விட்டார்கள். மாமா அப்போதுதான் பாலத்தடியிலிருந்து திரும்பியிருந்தார். அங்கே ஆற்று மட்டம் பார்க்க ஒரு தூண் உண்டு. அதிலும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று பட்டை அடித்திருக்கிறார்கள். தண்ணீர் ஆரஞ்சைத் தொட்டால் மூட்டை கட்டுவது லயத்தின் பழைய வழக்கம்.

"தண்ணி மஞ்சளயே தொடல மாப்ள. உங்க ஃபோன்தான் பொய் சொல்லுது லா."

"தூண் வந்துட்ட தண்ணியக் காட்டுது மாமா. ஃபோன் இனிமே வரப்போற மழையையும் காத்தையும் காட்டுது. ரெண்டும் வேற."

"ஆரஞ்சுன்னா ஆரஞ்சுதானே?"

"மஞ்சள்னா தயாரா இருக்கணும். ஆரஞ்சுன்னா நிலைமை மோசம். ஆத்தோரத்துல இருக்கவங்க அப்பவே கிளம்பிடணும். சிவப்பு வர்றப்ப ரோட்டுல மரம் கிடக்கும்."

"புயலெல்லாம் பிலிப்பைன்ஸ்காரனுக்கு. இங்க வழி தெரியாம வந்திருக்கும்."

மருந்து, அடையாள அட்டை, டார்ச், மாற்றுத் துணி எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினேன். கேஸ் சிலிண்டரை மூடினேன். அவர் நாற்காலியை விட்டு எழவில்லை.

"நீங்க போங்க. ரோடு அடைபட்டுடும். எனக்கு எங்க இருந்தா என்ன."

எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"சரி."

"என்ன சரி?"

"நானும் இங்கயே இருக்கேன்."

"மிரட்டுறீங்களா?"

"இல்ல."

மிரட்டவில்லை. எழுந்து போவதற்குக் காரணம் எதுவும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

காற்று பிடித்தது. கூரைத் தகரம் அதிர்ந்தது. பின்னால் ரப்பர் காட்டில் ஏதோ முறிந்து விழுந்தது. மாமா திடுக்கிட்டுத் திரும்பினார். நான் திரும்பவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்டீங்களா?"

"ஞாபகம் இல்ல."

"நேத்து?"

நான் யோசித்தேன். அவர் காத்திருக்கவில்லை. எழுந்து ஜன்னலைச் சாத்தினார். மேசையிலிருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"எந்திரிங்க."

"தண்ணி இன்னும் மஞ்சளயே தொடலன்னீங்க."

"தூண் கிடக்கட்டும். எந்திரிங்க மாப்ள."

என் முழங்கையைப் பிடித்துத் தூக்கினார். கார் வரை அந்தப் பிடியை விடவில்லை. வழியில் ஒரு மரம் பாதிச் சாலையை மறித்துக் கிடந்தது. இடது சக்கரங்களைப் புல்லில் இறக்கித் தாண்டினேன்.

பள்ளி மண்டபத்தில் லயத்துப் பெண் ரோகினி பாய் கொடுத்துக்கொண்டிருந்தாள். மாமாவைக் கண்டதும் சிரித்தாள்.

"போன வெள்ளத்துல இடுப்பளவு தண்ணியிலயும் வரமாட்டேன்னு நின்னாரே. எப்படிண்ணே கூட்டிட்டு வந்தீங்க?"

"இவரா? நான்தான் இவரக் கூட்டிட்டு வந்தேன்," என்றார் மாமா. "பாய் அப்புறம். முதல்ல இவருக்குச் சோறு போடு."