ஒரு படத்துக்குப் பன்னிரண்டு நிமிடம்

என் மனைவி பாடப்புத்தகங்களுக்குப் படம் வரைபவள். பூவின் குறுக்குவெட்டு, இதயத்தின் நான்கு அறைகள், நீராவி எந்திரம் எல்லாம் வரைவாள். பதிப்பகம் வேறு ஊருக்கு மாறியபோது, வீட்டிலிருந்தே இணையத்தில் அனுப்புகிறவர்களுக்குத்தான் இனி வேலை என்று சொல்லிவிட்டார்கள். கணினியைத் தொலைபேசியோடு இணைக்க மோடம் வாங்கினோம். என் இரண்டு வார வருமானம் அதற்குப் போயிற்று. அது ஒருமுறைச் செலவு. தொலைபேசிக் கட்டணம் அப்படியில்லை. இணைப்பில் இருக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு.

ஒரு படம் போய்ச்சேரப் பன்னிரண்டு நிமிடம் ஆனது.

"என் கூலியில பாதி போனுக்கே போயிடுது," என்றாள். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் கடையில மோடத்தைத் திருப்பி எடுத்துக்குவாங்களாம். குடுத்துடுவோம்."

"அப்ப வேலை?"

"போகட்டும்."

சொல்லிவிட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்து, பாதியில் நின்றிருந்த சிறுநீரகத்துக்கு நிறம் கொடுக்கத் தொடங்கினாள். போகட்டும் என்று நினைக்கிறவள் ஒவ்வொரு நரம்பையும் அப்படிப் பெரிதாக்கிப் பார்க்க மாட்டாள்.

நான் குழாய் வேலை செய்பவன். தண்ணீர் மெதுவாக வந்தால் தொட்டியைத் திட்டாமல் குழாயைப் பார்ப்பேன். கணினிக் கடையில் இருக்கும் மச்சானுக்குப் போன் போட்டேன்.

"மாமா, மோடம் ஆரம்பத்துல கத்துதில்ல, அது சும்மா கத்தலை. அந்தப் பக்கத்து மோடத்துகிட்ட, இந்த வேகத்துல பேசினா புரியுதான்னு கேக்குது. லைன்ல இரைச்சல் இருந்தா புரியலைன்னு பதில் வரும். உடனே வேகத்தைக் குறைச்சுக்கும்."

"காது மந்தமானவங்ககிட்ட நிறுத்தி நிறுத்திப் பேசற மாதிரி."

"அதேதான். ரிசீவரை எடுத்து ஏதாவது ஒரு நம்பரை மட்டும் அழுத்திட்டுக் கேளுங்க. டயல் டோன் நின்னதும் ஒரு சத்தமும் இருக்கக் கூடாது."

கேட்டேன். சூடான எண்ணெயில் தண்ணீர் தெறித்ததுபோல் படபடவென்றது.

தொலைபேசிக் கம்பியின் பின்னாலேயே போனேன். வாசலில் நுழைந்து கூடத்தின் ஓரமாக ஓடி, குளியலறைச் சுவருக்கு மறுபக்கம் அலமாரிக்குப் பின்னால் மறைந்தது. அலமாரியை நகர்த்தினேன். சுண்ணாம்பு உப்பிக் கிடந்தது. அங்கே இருந்த இணைப்பைப் பிரித்தால் செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. செம்பு செம்பைத் தொட்டால்தான் பேச்சு சுத்தமாகப் போகும். நடுவில் களிம்பும் ஈரமும் புகுந்தால் மின்சாரம் தடுமாறித் தடுமாறித்தான் கடக்கும். படபடப்பு அதுதான்.

ஈரம் எங்கிருந்து வந்தது என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. சுவருக்குள் கசியும் குழாய். இந்த ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்று நான் இரண்டு வருடமாகச் சொல்லிவந்த குழாய்.

அவள் வந்து நின்றாள். சுவரைப் பார்த்தாள். பிறகு என்னை.

"ஊர்ல ஒரு வீடு விடாம ஒழுகல் அடைக்கிறீங்க."

"ம்."

"அவங்க கூலி குடுக்கறாங்க. நான் வெறும் சோறுதானே போடறேன்."

"அந்த ஸ்பேனரைக் கொஞ்சம் எடேன்."

"எடுக்கறேன். முன்பணம் எவ்வளவுங்க வைக்கணும்?"

குழாயின் வளைவுத் துண்டை மாற்றினேன். களிம்பேறிய கம்பியை வெட்டியெறிந்து, நல்ல செம்பு பளிச்சிடும்வரை சுரண்டி, புது இணைப்பைக் காய்ந்த சுவருக்குக் கொண்டுபோனேன். ரிசீவரை எடுத்து ஒரு நம்பரை அழுத்தினால் என் மூச்சுதான் எனக்குக் கேட்டது.

மறுநாள் காலையில் சிறுநீரகத்தை அனுப்பினாள். நான் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அருகில் நின்றேன். நான்கு நிமிடம்.

அவள் திருப்பிக் கொடுப்பதற்காக எடுத்துவைத்திருந்த மோடத்தின் அட்டைப்பெட்டியைப் பிரித்து, தட்டையாக மடித்து, பழைய பேப்பர் கட்டில் செருகினாள்.

"அடுத்தது பெருங்குடல்," என்றாள். "கொஞ்சம் பெரிய படம். ஆறு நிமிஷம் ஆகும்."

"ஆகட்டுமே."

"சமையலறைக் குழாயும் சொட்டுது. அந்த ஆறு நிமிஷத்துல அதைப் பாத்துடுங்க."