பொட்டாஷ் போடாத வருடம்

விமானத்தில் தங்கத்தை ஏற்றிக்கொண்டு போய் வெளிநாட்டில் அடகு வைத்து நாடு மானத்தைக் காப்பாற்றிக்கொண்டதற்கு அடுத்த வருடம் அது. கஜானா காலி, இனி எல்லாம் சீர்திருத்தம் என்றார்கள். யாரைத் திருத்துவது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. ஆவணியில் டெல்லியில் ஒரு கையெழுத்து விழுந்தது. பொட்டாஷ் உரத்துக்குக் கொடுத்துவந்த மானியம் போயிற்று. மூட்டை விலை இரண்டு மடங்குக்கு மேல் எகிறியது. யூரியாவை மட்டும் விட்டுவைத்து, அதன் விலையைக் கொஞ்சம் குறைக்கவும் செய்தார்கள்.

ஆனைமலையில் இருந்த ராசம்மாளுக்கு இதெல்லாம் தெரியாது. ஐப்பசி பிறந்ததும் லட்சுமணசாமி அவள் வீட்டு வாசலில் வந்து நின்றதுதான் தெரியும்.

அவருடைய தோட்டத்தில்தான் அவளும் புருஷன் மயில்சாமியும் கல்யாணமான நாள் முதல் கூலிக்குப் போகிறார்கள். மயில்சாமியின் அப்பனும் அங்கேதான் மண்வெட்டி பிடித்து ஓய்ந்தான். அந்த மனிதர் இப்போது வாழைத் தோட்டத்தையே குத்தகைக்குத் தருகிறேன் என்றார்.

"எனக்கும் வயசாச்சு மயிலு. பையன் காந்திபுரத்துல கடை போட்டுட்டான். நீயே பண்ணையம் பாரு. நேந்திரன் வெச்சயின்னா ஓணத்துக்குப் பாலக்காட்டுக்காரன் வந்து நின்னு வாங்கீட்டுப் போவான்."

மயில்சாமிக்குத் தலைகால் புரியவில்லை. ராசம்மாள் அவர் தலை மறைகிறவரை காத்திருந்து கேட்டாள்.

"ஏனுங்க, இத்தனை வருசமா ஒரு வரப்பைக்கூட நம்ம கையில உடாதவரு, இந்த வருசம் மட்டும் எதுக்குக் குடுக்கறாரு?"

"குடுக்கறவரைப் போயி எதுக்குன்னு கேப்பாங்களா அம்மணி? எங்கப்பன் காலத்துல இருந்து அடுத்தவன் காட்டுல குனிஞ்சது போதும். ஒரு வெள்ளாமையாவது நம்முளுதுன்னு எடுத்துப்போடோணும்."

அந்த ஆசையின் முன்னால் அவள் கேள்வி நிற்கவில்லை. வளர்த்த ஆடுகளையெல்லாம் விற்றுக் குத்தகையை முன்கூட்டியே கட்டினார்கள். கன்று நட்டார்கள். கன்று வேர் பிடித்து நிமிர்ந்ததும் உரக்கடைக்குப் போனார்கள். கடைக்காரர் அப்துல் கையூம் பொட்டாஷ் விலையைச் சொன்னார். மயில்சாமி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"யூரியாவே போடுங்க பாய். ஊரே அதத்தான வாங்கறாங்க."

"வாங்கறாங்க, நானும் வித்துட்டுத்தான் இருக்கறேன். ஆனா பொட்டாஷ் போடாத வாழைக்குத் தண்டுல பலம் இருக்காதுங்க மயில்சாமி. காத்து நாளுல கஷ்டம். கொஞ்சமாச்சும் கலந்து போடுங்க."

மயில்சாமி ராசம்மாளைப் பார்த்தான். விற்க இனி ஆடும் இல்லை. யூரியா மூட்டையை வண்டியில் ஏற்றினார்கள்.

தை மாசிக்குள் தோட்டம் பச்சையாயிற்று. சாதாரணப் பச்சை அல்ல, கருநீலம் ஓடிய பச்சை. வழியில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். நேற்றுவரை கூலிக்கு வந்தவனுக்கு இப்படி விளைகிறதே என்று அவர்கள் வயிறு எரிந்தது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. கண்பட்டுவிடும் என்று பயந்த மயில்சாமி பூசணிக்காயில் முகம் எழுதி வேலியில் தொங்கவிட்டான். அடுத்தவன் கண்ணுக்குப் பயந்த மனுஷன், யூரியாவுக்குப் பயப்படவில்லை.

ராசம்மாளுக்குத்தான் அந்தப் பச்சை பிடிக்கவில்லை. பகலிலும் உள்ளே இருண்டு கிடந்தது. இலைகள் கனத்துத் தொங்கின. வைகாசியில் ஒருநாள் மரத்தில் கை வைத்து அழுத்தினாள். விரல் பதிந்த இடம் பதிந்தபடியே நின்றது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்; மயில்சாமியிடம் சொல்லவில்லை. அவன் அப்போது குலை தள்ளிய மரங்களுக்கிடையே பாட்டு முணுமுணுத்தபடி நடந்துகொண்டிருந்தான். அந்த முகத்தைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. முட்டுக்கொடுக்கச் சவுக்குக் கழி வாங்க வழியில்லாமல், மரத்துக்கு மரம் கயிறு இழுத்துக் கட்டினார்கள்.

ஆடி பிறந்தது. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காற்று வந்தது. புயலெல்லாம் இல்லை, எல்லா ஆடியிலும் வருகிற காற்றுதான். காலையில் முதல் மரம் இடுப்பொடிந்து விழுந்தபோது மயில்சாமி ஓடிப்போய் அடுத்த மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். அது அவன் பிடியிலேயே முறிந்தது. கட்டிய கயிறே வினையாயிற்று. விழுந்த மரம் பக்கத்து மரத்தையும் இழுத்துக்கொண்டு போனது. மத்தியானத்துக்குள் வெயில் தோட்டத்தின் எல்லா மூலையிலும் விழுந்தது. முற்றாத காய்கள் பாதிகூடத் திரளாமல் மண்ணில் கிடந்தன. மயில்சாமி அழுதான். ராசம்மாள் அழவில்லை; விழுந்த மரங்களிலிருந்து கயிற்றை அவிழ்த்துச் சேர்த்தாள்.

மறுநாள் லட்சுமணசாமி மொபெட்டில் வந்தார். வரப்பில் நின்று சுற்றிலும் பார்த்தார். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"பொட்டாஷ் விலையை ரேடியோவுல சொன்னப்பவே நெனச்சேன், இனி வாழை தேறாதுன்னு. நானே வெச்சிருந்தா எம்பட தலையில விடிஞ்சிருக்கும்."

மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதைப்போலச் சொன்னார். சொன்னது யார் காதில் விழுகிறது என்ற கூச்சம்கூட அவருக்கு இல்லை.

"பல்லடத்துக்காரங்க கோழிப்பண்ணை போட எடம் கேக்கறாங்க. இதையெல்லாம் வெட்டிச் சுத்தம் பண்ணிப்போடோணும். நாளைக்கு ரெண்டு பேரும் வந்துருங்க, கூலி குடுத்தர்றேன்."

"சரிங்க," என்றான் மயில்சாமி. "வந்தர்றோமுங்க."

ராசம்மாள் நேராக மாசாணியம்மன் கோயிலுக்கு நடந்தாள். அநியாயம் செய்தவன் பேரைச் சொல்லி மிளகாய் அரைத்து, அங்கே இருக்கும் நீதிக்கல்லில் பூசினால் அம்மன் கணக்குத் தீர்ப்பாள். அங்கிருந்த ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்து, ஆத்திரம் தீரத் தீர அரைத்தாள். கண்ணில் நீர் கொட்டியது. நெடி மூக்கில் ஏறியது. விழுதை அள்ளிக்கொண்டு நீதிக்கல் முன்னால் போய் நின்றாள்.

"பேரைச் சொல்லிப் பூசு கண்ணு," என்றாள் பின்னால் வரிசையில் நின்ற ஒரு கிழவி.

லட்சுமணசாமி பேர் நாக்கு நுனிவரை வந்தது. அம்மன் கேட்டுவிடுவாள் என்பதில் ராசம்மாளுக்குச் சந்தேகமே இல்லை. கேட்டு, அந்த மனுஷன் படுத்துவிட்டால், நாளைக்கு வேலைக்குக் கூப்பிட இந்தப் பக்கத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

பூசாமல் திரும்பினாள். கோயில் குழாயடியில் விழுதைக் கழுவிவிட்டாள். கை எரிந்துகொண்டே இருந்தது. நாளைக்கு மரம் வெட்ட அரிவாளைத் தீட்டிவைக்க மயில்சாமியிடம் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.