பத்து நாள் பால்

1956 டிசம்பர். தொம்மலூரில் காலை ஒன்பது மணிவரை பனி கலையவில்லை. கொட்டகையில் நான்கு மாடுகளின் மூச்சும் பனியும் ஒன்றாகி மிதந்தன. அந்த வெண்மைக்குள் நின்றபடி பியாட்ரிஸ், மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் கிருஷ்ணப்பா சொன்னதைக் கேட்டாள்.

"ஆனேக்கல் பக்கம் வெக்கை நோயும்மா. ரெண்டு ஊர்ல மாடெல்லாம் செத்துப்போச்சு. இன்னிக்கே ஊசி போட்டுடலாம். ஆனா ஜுரம் வரும். பத்து நாளைக்குப் பாலு பாதிகூட இருக்காது."

அவள் கணவன் கிளாரன்ஸ் சைக்கிளில் பால் கேனைக் கட்டிக்கொண்டிருந்தான். "கிறிஸ்மஸுக்குப் பன்னெண்டு நாள்தான் இருக்கு. ரிச்சர்ட்ஸ் டவுன்ல எல்லாரும் ரெண்டு பங்கு கேட்டிருக்காங்க. பண்டிகை தாண்டட்டும்."

"பாலு திரும்பி வரும்ங்க. மாடு போனா இன்னொண்ணு வாங்க நம்மால முடியுமா?"

"நோய் இங்க வரும்னு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. பியாட்ரிஸ் செவலைப் பசுவின் விலாவில் கன்னத்தை வைத்தாள். உள்ளே ஆழத்தில் தண்ணீர் நகர்வதுபோல ஒரு சத்தம். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"நாலுக்கும் போட்டுடுங்க," என்றாள்.

மூன்றாம் நாள் ஜுரம் வந்தது. மாடுகள் தீனியைத் தொடாமல், எங்கோ தொலைவைப் பார்ப்பதுபோல நின்றன. பியாட்ரிஸ் அவற்றின் நடுவில் உட்கார்ந்தாள். பகலிலேயே கண் செருகியது. பனிக்குள் மாடுகள் ஒவ்வொன்றாய் நடந்து போவதுபோலவும், அவள் கூப்பிடக் கூப்பிடத் திரும்பாததுபோலவும் கனவு. விழித்ததும் நான்கையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

பால் குறையும் என்று சொல்ல ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு அவளே போனாள். அங்கே வாடிக்கையாகப் பால் வாங்கும் மௌரீன் அவளை வாசலிலேயே நிறுத்தினாள். "இப்ப வந்து சொல்றியே பியாட்ரிஸ்! புட்டிங், பால்கோவா எல்லாத்துக்கும் நான் எங்க போவேன்?"

"தப்புதான் மேடம். மன்னிச்சுக்குங்க."

மௌரீனும் இன்னும் இரண்டு வீட்டாரும் வேறு பால்காரரிடம் போனார்கள். திரும்பி வரவில்லை.

நோயும் வரவில்லை. ஆனேக்கல் பக்கத்தோடு அடங்கிவிட்டது என்று ஜனவரியில் கிருஷ்ணப்பா சொன்னார். ஊசிதான் காத்ததா, நோய் வராமலே இருந்திருக்குமா என்று அவராலும் சொல்ல முடியவில்லை. கிளாரன்ஸ் மனைவியை ஒருமுறை பார்த்துவிட்டு, கேனைச் சைக்கிளில் கட்டப் போனான்.

அவளுக்கு மட்டும் வருத்தமே இல்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பால் பழைய அளவுக்கு வந்து, மூன்று வீட்டுப் பங்கு மிஞ்சியபோது, கேனைத் தூக்கிக்கொண்டு முன்பின் தெரியாத ஒரு தெருவுக்குள் போய் முதல் கேட்டைத் தட்டினாள்.