ஹேண்டில் ஆடிய காரணம்

கோகுல்ராஜுக்குக் கருமாதி முடிந்த மறுநாள் காலையில், அவன் அப்பா கருப்பன் பையன் ஓட்டி விழுந்த பைக்கை ஜீப்பின் பின்னால் ஏற்றிக் கட்டிக்கொண்டு மலையடிவாரத்து அமிர்தியில் இருக்கும் என் கடைக்கு வந்தார். பையன் விழுந்ததற்கு நாலு நாள் முன்னால் அந்த வண்டியின் முன்பக்க ஷாக் அப்சர்பரைப் பிரித்து மாட்டியவன் நான்தான்.

ஜீப்பை ஓட்டி வந்தவன் ராஜேந்திரன். மலைக்கு ஆள் ஏற்றி இறக்குகிறவன். நடந்ததற்கு அவன்தான் சாட்சி. அன்றைக்கு கோகுல்ராஜுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தான். காடு முடிந்து கணியம்பாடிக்குப் போகும் நேர் ரோட்டில் பைக் வேகம் எடுத்ததும், ஹேண்டில் தானாக இரண்டு பக்கமும் உதற ஆரம்பித்ததாம். பையன் இறுக்கிப் பிடித்துப் பார்த்திருக்கிறான், நிற்கவில்லை. வண்டி சாய்ந்து ரோட்டில் தேய்ந்துகொண்டே போனது. அவன் தலை சிறுபாலத்துக் கல்லில் அடித்தது.

இதை ராஜேந்திரன் ஒவ்வொரு டிரிப்பிலும் சொன்னான். கேட்டவர்கள் எல்லாம் "எந்த மெக்கானிக்கு?" என்று விசாரித்தார்கள். அதற்கப்புறம் மலை வண்டி ஒன்றுகூட என் கடை வாசலில் நிற்கவில்லை. எனக்கு மூக்கு நுனியில் கோபம். இந்தப் புருஷோத்தமன் முடுக்கிய நட்டு கழன்றதாக இருபது வருஷத்தில் எவனாவது சொல்லியிருக்கிறானா என்று டீக்கடையில் நின்று கத்தினேன். கத்திவிட்டுக் கடைக்குள் வந்து, அன்றைக்கு ஆக்சிலை டைட் வைத்தேனா இல்லையா என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்தேன்.

கருப்பன் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அதற்குத் தயாராகத்தான் நின்றேன். அவர் திட்டவில்லை.

"தம்பி, எம்புள்ள குடிச்சுட்டு வுழுந்தான்னு பாதிப் பேரு சொல்றான். உன் வேலை சரியில்லன்னு பாதிப் பேரு சொல்றான். வூட்ல அவன் அம்மா சாந்தம்மா சோறு துண்றதில்ல. இன்னாத்துக்கு ஆடுச்சு, இன்னாத்துக்கு ஆடுச்சுன்னு என்னையே கேக்குறா. நீ பிரிச்சுப் பாத்து சொல்லு. உன் தப்புன்னாலும் சொல்லு. நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்."

"உங்க கண்ணு முன்னாடியே பாக்குறேண்ணா. எதையும் மறைக்க மாட்டேன்" என்றேன்.

ராஜேந்திரன் கையைக் கட்டிக்கொண்டு ஜட்ஜு மாதிரி ஜீப்பில் சாய்ந்து நின்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன்.

விழுந்ததில் ஹெட்லைட்டும் இடது பக்கக் கைப்பிடியும் போயிருந்தன. மற்றபடி முன்பக்கம் அப்படியே இருந்தது. முதலில் டயர். காற்று சரியாக இருந்தது, வீக்கம் எதுவும் இல்லை. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டேன். ரிம் கோணவில்லை. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். பேரிங்கில் ஆட்டம் இல்லை. அடுத்து ஆக்சில். ஸ்பேனரை மாட்டித் திருப்பிப் பார்த்தேன். ஆக்சில் நான் முடுக்கியபடியே இருந்தது. இரண்டு ஷாக் அப்சர்பர் குழாயும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று அளந்தேன். ஒன்று ஏறி ஒன்று இறங்கியிருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அதுவும் சரி. குழாய்களுக்குள் இருந்த ஆயிலை இரண்டு கண்ணாடி கிளாஸில் வடித்துப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். சமமாக நின்றது.

ஒவ்வொன்றும் சரியாக இருக்க இருக்க எனக்கு மூச்சு லேசானது. செத்தவனுடைய வண்டியைப் பிரிக்கிறோம் என்பதே மறந்துபோனது. அதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

கடைசியாகக் கோன் செட். ஹேண்டில் திரும்பும் கழுத்துக்குள் மேலேயும் கீழேயும் இருக்கிற பேரிங். பழசு தேய்ந்திருந்ததால் அதையும் நான்தான் புதிதாகப் போட்டிருந்தேன். முன்சக்கரம் தரையில் படாமல் நிற்க, கீழே இரண்டு குழாயையும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தேன். 'டக்' என்றது. மறுபடி இழுத்தேன். மறுபடியும் 'டக்'. ராஜேந்திரன்கூட நிமிர்ந்துவிட்டான். கழுத்தில் அவ்வளவு ஆட்டம் இருந்தால் அறுபதில் போகும்போது ஹேண்டில் உதறாமல் என்ன செய்யும்?

மேல் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். கோன் செட்டை இறுக்கும் நட்டில் சுற்றிலும் பள்ளம் பள்ளமாக இருக்கும். அதற்கென்று கொக்கி ஸ்பேனர் உண்டு, நான் அதில்தான் திருப்புவேன். இந்த நட்டிலோ ஒரு பள்ளத்தின் ஓரம் நசுங்கிப் பளபளவென்று இருந்தது. யாரோ உளியை வைத்துச் சுத்தியால் தட்டியிருக்கிறார்கள். அதுவும் நட்டு கழலுகிற பக்கமாக.

"நான் இல்ல!" என்று கத்திவிட்டேன். "டேய் ராஜேந்திரா, வந்து பார்றா! என் கடையில உளியே கெடையாது. நான் வுட்டதுக்கு அப்புறம் எவனோ நட்டை லூஸ் பண்ணிகீறான். எந்த முட்டாள் பண்ண வேலையோ, அவன்தான் புள்ளையக் கொன்னவன்!"

ராஜேந்திரன் வந்து குனிந்து பார்த்தான். கருப்பன் பார்க்கவில்லை.

"அது நான்தான் தம்பி" என்றார்.

நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

"ஹேண்டில் கனமா கீது, வளைவுல மூட்டையோட திருப்பறப்போ தோள்பட்டை வலிக்குதுன்னான். மேல எல்லாரும் பண்றதுதானே. லேசா தட்டி வுட்டேன். ஒத்த வெரல்ல திரும்புச்சு. சந்தோசமா எடுத்துட்டுப் போனான்."

அவர் சொன்னது உண்மை. மேலே எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். சாமை மூட்டையையும் புளி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் திரும்ப ஹேண்டில் இலகுவாக இருந்தால்தான் சௌகரியம். மலையில் யாரும் இருபதைத் தாண்டுவதில்லை. அந்த வேகத்தில் எந்த ஹேண்டிலும் உதறாது. அந்த வண்டியும் அதுவரை அமிர்தியைத் தாண்டிக் கீழே போனதில்லை. வேலூரில் டைல்ஸ் கடையில் வேலை கிடைத்து, தினமும் கீழே போய்வர வேண்டும் என்றுதான் கோகுல்ராஜ் என்னிடம் சர்வீஸுக்கே விட்டான். அவன் செத்தது வேலைக்குப் போன முதல் நாள்.

"டைட்டா வுட்ருந்தா இருந்திருப்பானா தம்பி?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பொய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

"உன்னத்தான் மொதல்ல கேட்டான்" என்றார் கருப்பன். என்மேல் குறை சொல்லும் குரலே அது இல்லை. "போன் பண்ணானே. வேலையா கீறேன், அப்புறம் சொல்றேன்னு நீ சொன்னியாம். பாவம் அந்த அண்ணனுக்கு வேலை ஜாஸ்தி, நீயே பாத்துக் குடுன்னு எங்கிட்ட சொன்னான்."

நான் அப்படிச் சொல்லவே இல்லை. அன்றைக்கு எனக்கு வேலையும் இல்லை. டீ குடித்துக்கொண்டிருந்தேன். "அண்ணா, ஹேண்டில் ரொம்ப டைட்டா கீதுங்கண்ணா" என்று அவன் ஆரம்பித்ததுமே எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. 'புதுசுன்னா டைட்டாதான்டா இருக்கும். ஓட்ட முடியலன்னா நடந்து போ' என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன். பழகப் பழகத் தளரும், ஒரு வாரம் கழித்து வா, நானே செட் பண்ணித் தருகிறேன் என்று சொல்லவில்லை. நட்டில் கை வைக்காதே என்றும் சொல்லவில்லை. அந்தப் பையன் நான் திட்டியதை வீட்டில் சொல்லாமல், என்னைப் பெரிய மனுஷனாக்கிவிட்டுப் போயிருக்கிறான்.

இதைக் கருப்பனிடம் சொல்லிவிட்டேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கட்டும் என்றும் இருந்தது.

"அவன் ஒண்ணும் சொல்லலியே" என்று மட்டும் சொன்னார். பிறகு வண்டிக்குப் பக்கத்தில் வந்தார்.

"எவ்ளோ டைட்டு வெக்கணும்?"

"வேணாண்ணா. வுடுங்க."

"காட்டு தம்பி."

கொக்கி ஸ்பேனரை நட்டில் மாட்டி, அவர் கையை அதன்மேல் வைத்து, என் கையால் சேர்த்துத் திருப்பினேன். கால் சுற்றுகூட இல்லை, நட்டு வந்து உட்கார்ந்தது. குழாயைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். 'டக்' இல்லை.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதாண்ணா."

அவர் ஸ்பேனரிலிருந்து கையை எடுக்கவில்லை. "சாந்தம்மாகிட்ட போயி இன்னான்னு சொல்றது?" என்றார்.

கால் சுற்று. நட்டில் கை வைக்காதே, நானே பார்த்துத் தருகிறேன் என்று போனில் சொல்லியிருந்தால் ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.