கடிகாரக்காரரின் இரண்டு கல்யாணங்கள்

கல்லறைத் தோட்டத்தில் இடம் தீர்ந்துகொண்டிருந்தது. முன்னோர் யாராவது அங்கே புதைக்கப்பட்டிருந்தால்தான் இனி இடம் என்று நிர்வாகம் அறிவித்துவிட்டது. பல் செட் செய்பவருக்கு ஐம்பத்தெட்டு வயது. உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் எதையும் கடைசி நேரத்துக்கு வைப்பது அவருக்குப் பிடிக்காது.

"எங்க தாத்தா அங்கதானே இருக்காரு. என் பேர்ல எழுதிக் குடுத்தா வேலை முடிஞ்சுது," என்றாள் மனைவி.

அவருக்குச் சுருக்கென்றது. கல்யாணமான நாளிலிருந்து மாமனார் வீட்டு மாடியில் இருப்பவர் அவர். செத்த பிறகும் வீட்டோடு மாப்பிள்ளையா? தன் வம்சத்தில் ஒருவரையாவது அங்கே கண்டுபிடித்தே தீருவது என்று நான்கு நாள் லீவு போட்டுவிட்டு ஆவணக் காப்பகத்துக்குப் போனார்.

அப்பா வழியில் ஒருவரும் அகப்படவில்லை. எல்லோரும் வேறெங்கோ போய்ச் செத்திருந்தார்கள். மூன்றாம் நாள், அம்மாவுடைய தாத்தாவின் கல்யாணப் பதிவு கிடைத்தது. மாப்பிள்ளை கடிகாரம் பழுதுபார்ப்பவர், வயது இருபத்திரண்டு. பெயரைப் படித்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். மனைவியின் தாத்தாவும் கடிகாரக்காரர்தான். அதே பெயர், அதே தகப்பன் பெயர், அதே பிறந்த தேதி.

இருபத்தாறு வருஷம் கழித்து இன்னொரு பதிவேட்டில் அதே மனிதர் வேறொரு பெண்ணைக் கட்டியிருந்தார். முதல் மனைவி காலமாகிவிட்டதாகச் சொல்லிக் கையெழுத்தும் போட்டிருந்தார். அந்த முதல் மனைவியோ அதற்குப் பதினோரு வருஷம் கழித்துத்தான் புதைக்கப்பட்டிருந்தாள். அவளுடைய பதிவில் 'விதவை' என்றிருந்தது. அப்போது கடிகாரக்காரர் நாலு தெரு தள்ளி கடை வைத்து நன்றாகத்தான் இருந்தார். காகிதத்தில் ஒருவரையொருவர் சாகடித்துவிட்டு இருவரும் அவரவர் வேலையைப் பார்த்திருக்கிறார்கள்.

காப்பகத்து அம்மாள் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். "உங்க அம்மாவோட அப்பா மூத்த தாரத்துப் பிள்ளை. உங்க மாமனார் இளைய தாரத்துப் பிள்ளை. அப்படின்னா உங்க அம்மாவும் உங்க மனைவியும் அக்கா தங்கச்சி முறை."

"அப்போ என் மனைவி எனக்கு?"

"சித்தி," என்றார் அந்த அம்மாள், பென்சிலைச் சீவியபடி.

இரண்டு நாள் இதை அவர் மனைவியிடம் மறைத்து வைத்தார். மூன்றாம் நாள் சாப்பிடும்போது, "தண்ணி குடுங்க," என்று மனைவியிடம் சொல்லிவிட்டார்.

"என்ன, திடீர்னு மரியாதை?"

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் கரண்டியும் கையுமாக நின்று யோசித்தாள். "அப்போ நம்ம பொண்ணு உங்களுக்குத் தங்கச்சியா?"

"அவகிட்ட சொல்லிடாத. இப்பவே என் பேச்சைக் கேக்கறதில்ல."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "அந்த மூத்தவங்க எங்க இருக்காங்க?"

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தார்கள். கடிகாரக்காரரும் இளைய மனைவியும் வாசலுக்குப் பக்கத்தில் பளிங்குக் கல்லுக்கடியில் ஜோடியாக இருந்தார்கள். மூத்தவள் பின்சுவரோரம், குழாயடியில், எண் மட்டும் வெட்டிய ஒரு கல்லுக்குக் கீழே தனியாகக் கிடந்தாள். பக்கத்தில் இரண்டு பேருக்கு இடம் இருந்தது.

மனைவி அந்தக் கல்லின் மேலிருந்த சருகைக் கையால் தள்ளிவிட்டாள். "தாத்தா பக்கத்துல வேணாம். இங்கயே கேப்போம்."

"உங்க ஆளுங்க என்ன சொல்லுவாங்க?"

"இவங்களும் எங்க ஆளுதான். நான் இவங்களுக்குப் பேத்தி முறை."

அவர் குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டார்.

அலுவலகத்தில் எழுத்தர் விண்ணப்பத்தைப் புரட்டினார். "நீங்க ரெண்டு பேரும் என்ன உறவு?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"புருஷன் பொண்டாட்டி," என்றாள் அவள்.

எழுத்தர் முத்திரை குத்தினார். "உத்தரவு வர ஆறு வாரம் ஆகும். அவசரம் ஏதாவது இருக்கா?"

"இல்ல," என்றார்கள் இருவரும்.