பஸ் என்றால் எல்லோருக்கும்

1

இந்தக் கதை அகராதியில் பிறந்தது. அதை ஏன் ஒளிப்பானேன்? 'பேருந்து' என்று எழுதியதும் கதையில் வரும் கண்ணகியும் அவள் தம்பியும் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். அடித்துவிட்டு 'பஸ்' என்று எழுதினேன். பிறகு அந்தச் சொல்லைத் தேடிப் போனேன்.

லத்தீனில் 'ஆம்னிபஸ்' என்றால் 'எல்லோருக்கும்'. பிரான்சில், காசு கொடுத்த எவரும் ஏறலாம் என்று ஓடிய குதிரை வண்டிக்கு அந்தப் பெயர். பின்னால் இங்கிலீஷ்காரர்கள் முன்பாதியைக் கழற்றிவிட்டார்கள். 'எல்லோர்' இறங்கிப்போய் 'உக்கும்' மட்டும் ஓடுகிறது.

(நம்மூரில் ஆம்னி பஸ் என்பது தீபாவளிக்கு எல்லோராலும் ஏற முடியாத வண்டி. இது கதைக்கு வேண்டாம்.)

2

விதி அவர்களை எதிரெதிரே – இல்லை. நேராகச் சொல்கிறேன்.

எண்பத்தேழு செப்டம்பர், வியாழக்கிழமை. கடலூரில் பதினோரு மணிக்குக் கண்ணகிக்கு டீச்சர் வேலை இண்டர்வியூ. அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். தியாகதுருகம் தாண்டியதும் அவள் வந்த பஸ், சாலையில் வெட்டிச் சாய்த்த புளியமரத்தின் முன் நின்றது. இட ஒதுக்கீடு கேட்டு மறியல். கோடாலியோடு நின்றவர்களில் ஒருவன் அவள் தம்பி வீரமுத்து.

"யக்கா, நீ இன்னா இதுல வர? ஆறு மணி பஸ்ஸுல போவல?"

"எமகண்டம் முடியட்டும்னு அம்மா ஏழரை வரைக்கும் உக்கார வச்சிடுச்சி."

"அந்த பஸ்ஸு தாண்டுற வரைக்கும் இவனுங்கள மரத்தத் தொட வுடாம வச்சிருந்தனே."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. கூட்டாளி கண்ணாயிரம் திரும்பினான்.

"அதுக்குத்தான் மூணு டீ வாங்கிக் குடுத்தியா? நான்கூட உனுக்கு மனசு பெருசாயிடுச்சின்னு பாத்தேன்."

"மரத்தக் கொஞ்சம் பொரட்டிவுட்டா யக்கா வண்டியும்..."

"வூட்டுக்கு ஒரு பஸ்ஸு வுட்டா அதுக்குப் பேரு மறியலா, டைம் கீப்பர் வேலையா?"

கண்ணகி கேட்டாள்: "இந்த ஒதுக்கீடு எனுக்கும் சேத்துதான கேக்கறீங்க?"

"உனுக்கும்தான் யக்கா."

"வேலைக்குப் போற வழிய மறிச்சிக்கினா?"



3

மரத்தைப் புரட்டிவிடுவதாக ஒரு முடிவு எழுதினேன். கண்ணாயிரம் ஒப்பவில்லை. அவள் நடந்தே போவதாக எழுதினேன். கடலூர் நடக்கிற தூரமா?

மிஞ்சியது இது. மணி எட்டே கால். வேறு வண்டி வருகிறதா என்று பார்க்க, சாய்ந்த மரத்தின் மேல் ஏறி நிற்கிறாள். வளைவுக்கு அப்பால் போலீஸ் வேன் வருவது அவளுக்கு மட்டும் தெரிகிறது.

பக்கத்தில் இன்னொரு புளியமரம், முக்கால்வாசி வெட்டி, கயிறு கட்டி நிற்கிறது. போலீஸ் தலை தெரிந்ததும் அதையும் சாய்த்துவிட்டு ஓடுவது ஏற்பாடு. கயிறு வீரமுத்து கையில். சொன்னால் தம்பி தப்புவான். ஆனால் இரண்டாவது மரமும் விழும், சாயங்காலம் வரை வழி திறக்காது. சொல்லாவிட்டால் அடியும் ஜெயிலும் அவனுக்கு. போலீஸ் ஒற்றை மரத்தை இழுத்துப்போட்டு பஸ்ஸை அனுப்பிவிடும்.

கீழேயிருந்து அவன் கேட்கிறான்:

"யக்கா, அங்க இன்னா தெரியுது?"

பேச்சு காதில் விழுந்தால்தான் எனக்கு எழுத வரும். மூன்று மாதமாக இந்தக் கேள்வி மட்டும் விழுகிறது. அவள் பதில் விழவில்லை. கீழே ஒரு வரி விட்டிருக்கிறேன். உங்களுக்குக் கேட்டால் எழுதுங்கள். சீக்கிரம், வேன் வளைவில் திரும்புகிறது.

"....................."